சட்டையோட போன பேட்ஜ்

என் ராசாவுக்கு,

செத்தவங்களுக்குக் கடுதாசி எழுதறது பைத்தியக்காரத்தனம்தான். ஆனா ஆஸ்பத்திரியில இருந்து வந்த கையோட உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்டங்க சொல்வேன்?

வயித்துல பெரிய ரத்தக்குழாய் வீங்கிடுச்சுன்னு உள்ளே ஒரு குழாய் வெச்சு உங்களைப் பிழைக்க வெச்சாங்க. ரத்தம் கசியுதான்னு அப்பப்ப சி.டி. ஸ்கேன் எடுக்கணும்னாங்க. மொத ஸ்கேனோட நிறுத்திட்டீங்களே!

பாழாப்போன அந்த பேட்ஜ்! பொம்மசந்திரா ஃபேக்டரியில, உள்ளே விரிசல் இருக்கான்னு வெல்டிங்கை எக்ஸ்ரே எடுக்கிற வேலை. உடம்புல எவ்வளவு கதிர் பட்டிருக்குன்னு காட்டுற பேட்ஜை நெஞ்சுல குத்திக்கிட்டே திரிவீங்க. ஷிப்ட் முடிஞ்சு அதே சட்டையோட போய் ஸ்கேனுக்கும் படுத்துட்டீங்க. பேட்ஜைச் சோதனைக்கு அனுப்பினா அளவு எகிறிக் கிடக்கு. "ஏனப்பா, எங்கே வாங்கினே இவ்வளவு?"ன்னு சூப்பர்வைசர் கேட்டார். விஷயம் தெரிஞ்சதும் அங்கே எல்லாரும் சிரிச்சாங்க.

நீங்க சிரிக்கலை. "இத்தனை வருஷம் கதிர் படாம, மிஷினைச் சுத்திக் கயிறு கட்டித் தள்ளி நின்னு தப்பிச்சேன் வசந்தா, படுத்த இடத்துல வாங்கிக்கிட்டேனே"ன்னீங்க. அடுத்த ஸ்கேனுக்குப் போகணும்னு நானும் டாக்டரும் எவ்வளவு சொன்னோம்? கேட்டாத்தானே! ஒருநாள் காலையில முதுகு வலின்னீங்க. ஹோசூர் ரோட்டு டிராஃபிக்ல, ஆட்டோவுலயே, என் மடியிலயே போயிட்டீங்க. உள்ளே கசிஞ்சு ரத்தக்குழாய் வெடிச்சிருச்சாம்.

இப்ப உங்க தம்பி சேகருக்கும் அதே வீக்கம், அதே குழாய். குழாய் வெச்சதும் மொத ஸ்கேன் எடுத்துட்டாங்க. "அண்ணனே நம்பாத மிஷின்ல நான் மறுபடியும் படுக்கணுமா அண்ணி?"ன்னு ஈஜிபுரா வீட்டை விட்டு நகரமாட்டேன்னுட்டார். வாய்க்கு வந்தபடி திட்டி இழுத்துட்டுப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையா சொன்னாங்க: "முன்னெல்லாம் ஒரு தடவை வந்தா மூணு சுற்று படம் எடுப்போம்மா. இப்ப தேவையான சுற்று மட்டும்தான், கதிரையும் குறைச்சு வெச்சு எடுக்கறோம். இவருக்கு மொத ஸ்கேன் நல்லா இருக்கு. இனி அல்ட்ராசவுண்டே போதும், அதுல கதிரே கிடையாது. சந்தேகம் வந்தாத்தான் சி.டி." இந்த வார்த்தை உங்க காதுல விழுந்திருந்தா போயிருப்பீங்கதானே? சொல்லுங்க, போயிருப்பீங்கதானே?

வயித்துல ஜெல் தடவிப் பார்த்தாங்க. கசிவே இல்லையாம். நான் வராண்டாவுல உக்காந்து ஓன்னு அழுதேன். பக்கத்துல இருந்தவங்க கெட்ட சேதின்னு நெனச்சு தண்ணி கொடுத்தாங்க. நல்ல சேதிதாங்க. ஆனா அது உங்களுக்கு வந்திருக்க வேண்டியது.

சேகர் எவ்வளவு முரண்டு பிடிச்சாலும், நான் இருக்கிறவரை ஒரு செக்கப்பைக்கூடத் தப்பவிடமாட்டேன். உங்களைத்தான் என்னால இழுத்துட்டுப் போக முடியலை.

சேகருக்கு அண்ணியா, இன்னும் உங்க பெண்டாட்டியாவே இருக்கிற
வசந்தா