வண்டிக்குப் பை மாட்டிய நாள்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

என் வீட்டுக்காரர் இன்று மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து, எலெக்ட்ரிக் பைக்கில் இரண்டு பக்கமும் பெரிய பையை போல்ட் போட்டு மாட்டினார். அதற்காக இடது பக்கம் நான் கால் வைக்கும் பலகையையும் சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கம்பியையும் கழற்றச் சொன்னார்.

"அக்கா எப்படிங்க உட்காருவாங்க?" என்றான் மெக்கானிக்.

"அவளுக்குத்தான் டவுன் பஸ் ஃப்ரீயாச்சே."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இரண்டு பேருக்கும் பெட்ரோல் வண்டிதான் பழக்கம். சார்ஜ் போடும் இடத்தைப் பை மறைத்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வாயைத் திறக்காமல் டீ கொடுத்தேன்.

விடிந்ததும் முத்துப்பேட்டைக்குப் போகணுமாம். வண்டியில் சார்ஜ் சுத்தமாக இல்லை. சற்று முன் ஒயரோடு வாசலுக்குப் போனவர், இப்போது "ஸ்பானர் எங்கடி?" என்று கத்துகிறார்.

"மெக்கானிக் எடுத்துட்டுப் போயிட்டாருங்க" என்று குரல் கொடுத்தேன்.

தலையணைக்கு அடியில் அது உறுத்துகிறது. இருந்தாலும் நன்றாகத் தூக்கம் வரும்.