நேரில் வர இயலாத பயணி புனித அந்தோணியார்

அனுப்புநர்
மர்சலின்,
செயலர், புனித அந்தோணியார் அன்பியம்,
மாதா சர்ச் இரண்டாம் சந்து, சாந்தோம்,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்,
சென்னை (தெற்கு).

பொருள்: விமானப் பயண வவுச்சரைப் பயன்படுத்த அதன் உரிமையாளரான புனித அந்தோணியார் புகைப்பட அடையாள அட்டையுடன் நேரில் வரவேண்டும் என்று வாயுதரங் ஏர்வேஸ் நிறுவனம் வற்புறுத்துவது – திருமதி ஜொவிட்டா ஊர் திரும்பும் பயணத்துக்கு அவசர ஆணை வேண்டுவது – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

பொருள் வரியைப் படித்ததும் யாரோ விளையாட்டாக எழுதிய மனு என்று தாங்கள் இதை ஒதுக்கிவிடக் கூடாது. நான் பெண்கள் பள்ளியில் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். விளையாட்டாக மனு எழுதும் வயதும் எனக்கில்லை, மனநிலையும் இல்லை. வயிறு எரிந்து எழுதுகிறேன்.

1. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் தெருவாரியாகச் சிறு குழுக்களாகக் கூடி, வாரம் ஒரு வீட்டில் ஜெபம் செய்வோம். இந்தக் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு புனிதர் பாதுகாவலர். எங்களுக்குப் புனித அந்தோணியார். அவருடைய சிறிய சுரூபம், அதாவது சிலை, வாரம் ஒரு வீடாகப் போய்த் தங்கும். எங்கள் மடக்கு நாற்காலிகள், பெரிய அண்டா, மைக் செட் எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் எழுதியிருக்கும். பொதுச் சொத்தை மனிதர்கள் பெயரில் வைப்பது எங்களுக்கு வழக்கமில்லை. பின்னால் வரும் கூத்து விளங்க வேண்டும் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. கடந்த பிப்ரவரியில் எங்கள் அன்பியத்தினர் கோவாவுக்குத் திருயாத்திரை போக மேற்படி நிறுவனத்தில் பயணம் பதிவு செய்திருந்தோம். பெட்டிகளை ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனையும் முடித்து உட்கார்ந்த பிறகு விமானம் ரத்து என்றார்கள். காரணம் சொல்லவில்லை. பணம் திரும்ப வர நாளாகும், அதைவிடக் கூடுதல் மதிப்புள்ள வவுச்சர் இப்போதே தருகிறோம் என்று ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினார்கள். ஓராண்டு செல்லும், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றார்கள். நாங்களும் நம்பி, கொண்டுபோன புளிசாதத்தை விமான நிலைய வாசலிலேயே சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

3. எங்கள் அன்பியத்தில் ஜொவிட்டா என்று ஒருவர் இருக்கிறார். கணவரை இழந்தவர். கோயில் பீடத்து விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தருபவர். அவருடைய ஒரே மகள் ஈவ்லின் கன்னியர் சபையில் சேர்ந்து கவுகாத்தி அருகே ஒரு மடத்தில் இருக்கிறாள். வரும் டிசம்பர் 8 அன்று அவள் தன் இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுக்கிறாள். அதாவது ஆயுள் முழுவதும் துறவியாக இருப்பேன் என்று பீடத்தின் முன் சொல்லும் நாள். அன்று பெற்றோர் மகளின் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவைப்பது அந்தச் சபையின் வழக்கம். அப்பா இல்லாத பெண்ணுக்கு அம்மாதான் வரைய வேண்டும். இந்த மாதக் கடைசியில் ஈவ்லினை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். மறுபடி எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது.

4. ஜொவிட்டாவுக்குக் காலில் இரத்த ஓட்டக் கோளாறு. ராயப்பேட்டை மருத்துவமனையில் காட்டி வருகிறார். காலைத் தொங்கப்போட்டு நெடுநேரம் உட்காரவே கூடாது, நீண்ட ரயில் பயணத்தை நினைத்தும் பார்க்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இது தெரிந்ததும், அன்பியத்தில் அத்தனை பேரும் எங்கள் வவுச்சர்களை ஜொவிட்டாவுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். வாழ்நாளில் விமானம் ஏறியிராத ஆட்டோ ஓட்டுநர் கிளிஃபர்ட்தான் முதலில் எடுத்துக் கொடுத்தவர். “நமக்கு இன்னாத்துக்கு பிளேனு, அக்கா போய்க்கினு வரட்டும்” என்றார். அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை.

5. இந்தச் சமயத்தில்தான் நிறுவனத்திடமிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் வவுச்சரின் முழுப் பலனையும் பெறச் சிறந்த வழிகள்’ என்பது தலைப்பு. குறுகிய தூரத்துக்கு வீணாக்காதீர்கள், தொலைதூரப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கவுகாத்தியைவிடத் தொலைவு எது? முன்கூட்டியே திட்டமிடுங்கள் என்றார்கள். ஜூனிலேயே திட்டமிட்டோம். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வவுச்சர்தான் ஏற்கப்படும், ஆகவே குழுவாகப் பெற்ற வவுச்சர்களை ஒன்றாக இணைத்துக்கொண்டால் ஒரு ரூபாய்கூட வீணாகாது என்றார்கள். கடையில் பருப்பு வாங்கினாலும் இரண்டு பாக்கெட்டின் எடையையும் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து எடுப்பவள் நான். எனக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது. அவர்கள் சொன்ன புத்திமதியில் ஒன்றைக்கூட நாங்கள் மீறவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

6. எங்கள் அன்பியத் தலைவர் திரு. வால்டர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையை அழைத்தார். எதிரே இருந்த பெண், இணைத்த வவுச்சர் யார் பெயரில் வேண்டும் என்று கேட்டார். பொதுச் சொத்தல்லவா? வால்டர் கொஞ்சமும் தயங்காமல், புனித அந்தோணியார் பெயரில் என்று சொல்லிவிட்டார். முதல் பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். ‘செயின்ட்’ முதல் பெயர், ‘அந்தோணி’ கடைசிப் பெயர் என்று இவரும் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறார். ஆணா பெண்ணா என்று கேட்டபோதும் இவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வால்டரை நாங்கள் வேண்டிய மட்டும் திட்டியாகிவிட்டது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு, பதிந்து, “வாழ்த்துகள் செயின்ட்! உங்கள் வவுச்சர் தயார்” என்று மின்னஞ்சல் அனுப்பியது நிறுவனம்தானே?

7. அக்டோபரில் டிக்கெட் எடுக்கப் போனபோதுதான் இடி விழுந்தது. இணைத்த வவுச்சரில் அதன் உரிமையாளர் மட்டுமே பயணம் செய்யலாமாம். பெயர் மாற்ற முடியாதாம். முழுப் பலன் பெறும் வழிகளைப் பத்தி பத்தியாக எழுதியவர்கள், இந்த ஒரு வரியை மட்டும் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் எங்கோ அடியில் போட்டிருக்கிறார்கள். சரி, பழையபடி தனித்தனியாகப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டோம். இணைத்ததைப் பிரிக்க முடியாது என்றார்கள்.

8. நானே தியாகராய நகரில் உள்ள அவர்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். அங்குள்ள மேலாளர் நான் சொல்வதைக் காதில் வாங்காமல் கணினியைப் பார்த்தபடியே, “ஹோல்டர் ஐடி ப்ரூஃபோட ஏர்போர்ட் கவுன்டருக்கு நேர்ல வரணும் மேடம். சார் இப்ப ஊர்ல இல்லையா?” என்றார். அவர் பதுவை நகரில் இறந்து எண்ணூறு ஆண்டுகள் ஆகப்போகிறது என்று சொன்னேன். அந்த மனிதர் தலையைத் தூக்கவில்லை. அப்படியானால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொண்டு வாருங்கள் என்றார். அவர் துறவி ஐயா, வாரிசு கிடையாது. இதையும் சொன்னேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். இன்றுவரை பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணினியைத் தூக்கிப் பாண்டி பஜாரில் எறியலாம் போல இருந்தது. படித்தவள் என்பதால் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

9. வடக்கு மாட வீதியில் இருக்கும் வழக்கறிஞர் திரு. சாய்நாத்திடம் யோசனை கேட்டேன். முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் ஜொவிட்டாவின் கால் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, “எங்க பக்கம் சுவாமி பேர்ல நிலமே இருக்கு, கோர்ட்ல சுவாமியே வாதியா வரார். இவா மட்டும் ஆதார் கேக்கறாளா? மனு போடுங்கோ” என்றார். அவர் சொன்னதன் பேரிலேயே இம்மனு.

10. கடந்த வாரம் நிறுவனம் எங்கள் பாதுகாவலருக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. ‘அன்புள்ள செயின்ட், உங்கள் வவுச்சர் விரைவில் காலாவதியாகிறது. அன்புக்குரியவர்களைக் காண இன்றே புறப்படுங்கள்.’ ஐயா, இதைப் படித்தபோது நான் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். ஒருவரைப் போகவிடாமல் கட்டிப்போட்டுவிட்டு, ஏன் இன்னும் புறப்படவில்லை என்று கேட்க எவ்வளவு திமிர் வேண்டும்?

11. டிசம்பர் மாதக் கட்டணம் எங்களால் நெருங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்டது. இருந்தாலும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டிக்கெட் எடுப்போம் என்று ஜொவிட்டாவிடம் சொன்னோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “உங்க டிக்கெட்டையும் வாங்கி, உங்க காசையும் வாங்கணுமா? எனக்குக் கால் இருக்கு” என்று சொல்லிவிட்டார். வீங்கிய காலை ஸ்டூலின் மேல் வைத்துக்கொண்டுதான் அவர் இதைச் சொன்னார்.

12. நேற்று எழும்பூரில் ஜொவிட்டா கவுகாத்தி ரயில் ஏறிவிட்டார். மூன்று இரவுப் பயணம். துணைக்கு வால்டர் போயிருக்கிறார். அவருடைய சர்க்கரை மாத்திரைகளையும் ஜொவிட்டாவின் கால் உறைகளையும் ஒரே பையில் போட்டு அவர் மனைவி கொடுத்தனுப்பினார். மெத்தை போடவும் கால் நீட்டவும் கீழ்ப் படுக்கை ஒன்று கிடைத்திருக்கிறது, அந்த மட்டும் ஆறுதல். இந்த வாரம் ஜொவிட்டாவின் வீட்டு முறை என்பதால் புனித அந்தோணியாரின் சுரூபம் அவரிடம் இருந்தது. அதை முகம் மட்டும் தெரியத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். மகளைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டு வருகிறேன் என்றார்.

13. ஆகவே தங்களிடம் நான் கேட்பவை:

(அ) போகும் பயணம் கைவிட்டுப் போயிற்று. அதை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. இந்தக் காலோடு அவர் இன்னொரு முறை மூன்று இரவு ரயிலில் உட்கார்ந்து வந்தால் என்ன ஆகும் என்று டாக்டரே சொல்லத் தயங்குகிறார். எனவே திருமதி ஜொவிட்டாவும் திரு. வால்டரும் டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை கவுகாத்தியிலிருந்து சென்னைக்கு அந்த வவுச்சரிலேயே விமானத்தில் திரும்ப, நிறுவனத்துக்கு அவசர இடைக்கால ஆணை பிறப்பிக்க வேண்டும்.

(ஆ) முழுப் பலன் பெறும் வழிகளைக் கொட்டை எழுத்தில் அனுப்புகிறவர்கள், பலன் கிடைக்காமல் போகும் வழிகளையும் அதே அளவு எழுத்தில் அனுப்ப உத்தரவிட வேண்டும். இழப்பீடு எதுவும் நாங்கள் கேட்கவில்லை. அவர்கள் பணம் எங்களுக்கு வேண்டாம்.

(இ) அடையாளம் குறித்து நிறுவனம் இன்னும் பிடிவாதம் பிடிக்குமானால், ஒன்றைத் தெரிவித்துக்கொள்கிறேன். உரிமையாளர் விமான நிலையக் கவுன்டருக்கு நேரில் வரவேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. ஏற்றுக்கொள்கிறோம். டிசம்பர் 16 காலை கவுகாத்தி கவுன்டருக்கு அவர் நேரில் வருவார். ஜொவிட்டாவின் மடியில், துண்டு சுற்றி. நேற்று எழும்பூரில் டிக்கெட் பரிசோதகர் ஜொவிட்டாவின் அட்டையையும் வால்டரின் அட்டையையும் வாங்கிப் பார்த்தார். மடியில் இருந்தவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அட்டை கேட்கவில்லை.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து, தொலைபேசியைக் கையிலேயே வைத்திருக்கும்,

மர்சலின்
செயலர், புனித அந்தோணியார் அன்பியம்

இடம்: சாந்தோம்
நாள்: 04.12.2025

இணைப்பு: நிறுவனத்தின் மின்னஞ்சல்களின் நகல்கள், ஜொவிட்டாவின் மருத்துவச் சீட்டு, சிஸ்டர் ஈவ்லினின் வார்த்தைப்பாட்டு அழைப்பிதழ், உரிமையாளரின் புகைப்படம் ஒன்று (சுரூபம், முன்பக்கத் தோற்றம்).