பிரேக்கில் காற்று

கடம்பத்தூர்,
1-11-76

செல்ல மகள் செங்கம்மாளுக்கு நைனா எழுதுவது. நானும் உங்கம்மாவும் நலம். ஜீப்தான் நலமில்லை.

ஊரார் வாய் வழியாக உனக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று ஸ்டேஷன் கேட் பக்கத்துக் குட்டையில் இறங்கிவிட்டேன், ஜீப்போடு. கேட் மூடியிருந்தது. பிரேக்கை மிதித்தால் வெண்ணெயில் கால் வைத்தது போல அடிவரை போயிற்று. கேட்டில் மோதுவதா, குட்டையில் விழுவதா என்று யோசிக்க நேரமில்லை. வண்டியே யோசித்து முடிவெடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து பட்டணத்து ரயில் மெதுவாக வந்து நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் தலை. ஒருத்தன் கத்துகிறான்: "இன்னா பெர்சு, வண்டிய குளிப்பாட்டிக்கினு கீறியா?" முட்டிவரை தண்ணீரில் நின்றுகொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

குற்றம் என்னுடையதுதான். முந்தாநாள் டயர் மாற்றியபோது ஜாக்கியைப் பின் அச்சுக்குக் கொடுக்காமல், அச்சின்மேல் ஓடுகிற பிரேக் குழாய்க்குக் கொடுத்துத் தூக்கியிருக்கிறேன். குழாய் நசுங்கி விண்டுவிட்டது. திருவள்ளூர் ஒர்க்ஷாப்காரர் வந்து பார்த்தார். "இது யுத்த காலத்து வண்டி சார், சாமான் வந்தா சொல்லி அனுப்பறேன்" என்று போனவர்தான்.

உன் கார்டு வந்தது. உன் வீட்டுக்காரரின் புது வேலைக்காகப் பிலாய்க்குப் பதினேழாம் தேதி குடும்பத்தோடு கிளம்புவதாக எழுதியிருக்கிறாய். அதற்குள் உங்கம்மாவைக் கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டி வந்து பேத்தியைக் காட்டிவிடலாமென்று நினைத்திருந்தேன். இடுப்பு முறிந்ததிலிருந்து அவளால் பஸ் படியும் ஏற முடியாது, ரயில் படியும் ஏற முடியாது. ஜீப்பின் பின்னால் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டுப் படுக்க வைத்தால்தான் வர முடியும்.

ஆகவே ஒரு சின்ன உதவி. அந்தக் குழாயை எப்படிச் சரிசெய்வது என்று உன் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுது. எனக்காக என்று சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் யாரோ கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
குட்டையிலிருந்து கரையேறிய
ஆதிநாராயணன்

---

கும்மிடிப்பூண்டி,
5-11-76

அன்புள்ள நைனாவுக்குச் செங்கா எழுதுவது.

அடி ஏதும் படவில்லையே? அதை எழுதாமல் ரயிலில் கத்தினவனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

சொன்னபடியே, பக்கத்து வீட்டுக்காரருக்காக என்று கேட்டேன். கையில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பக்கத்து ஊட்டுக்காரரு கடம்பத்தூருலயா கீறாரு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் எதை மறைக்க?

அவர் சொன்னது இது: பழைய குழாயை ஒட்டவைக்கக் கூடாது. புதுக் குழாய்தான் போடவேண்டும். பற்றவைத்த இடம் பிரேக்கின் அழுத்தத்தைத் தாங்காது. மாட்டிய பிறகு உள்ளே நிற்கும் காற்றை எடுக்க வேண்டும். அது ஒற்றை ஆளால் ஆகாத வேலை. ஒருத்தர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் அடியில் படுத்து சக்கரத்துப் பின்னாலிருக்கும் திருகைத் திறந்து மூட வேண்டும். மேலே இருப்பவர் சொன்னபடி கேட்காமல் காலை எடுத்தால், போன காற்று திரும்ப வந்துவிடுமாம்.

குழாய் அவர் வேலை செய்யும் ஒர்க்ஷாப்பிலேயே இருக்கிறதாம். கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை தானே வந்து போட்டுத் தருவதாகச் சொன்னார். கூப்பிட்டால் என்றுதான் சொன்னார், நைனா. அவர் கால் நம் வாசலில் படக்கூடாதென்று கல்யாணத்தன்று நீங்கள் சொன்னதை அவர் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை. நானும் மறக்கவில்லை. அந்த வீட்டு வாசலை மிதித்தால் இரண்டு பேருமாக மிதிப்போம், இல்லாவிட்டால் இல்லை என்று இரண்டு வருஷமாக இருக்கிறேன். ஒரு வார்த்தை எழுதுங்கள். மூன்று பேரும் வந்துவிடுகிறோம். அம்மா ஜீப்பில் அலைய வேண்டாம், நீங்களும் குட்டையில் இறங்க வேண்டாம்.

உங்கள் பேத்தி ரோசிக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. எல்லாரையும் கடிக்கிறாள்.

உங்கள் மகள்,
செங்கம்மாள்

---

கடம்பத்தூர்,
9-11-76

செல்ல மகள் செங்கம்மாளுக்கு,

பற்றவைக்கக் கூடாது என்ற உன் கடிதம் வருவதற்கு முன்பே பற்றவைத்துவிட்டேன். நம் வீட்டு அண்டா குண்டானுக்கெல்லாம் ஈயம் பூசுகிற அருணாச்சலம்தான் செய்தார். "பத்து வருசம் அசையாது முதலியாரே. உங்க ஊட்டு வெந்நீர் அண்டா இன்னிக்கும் ஒழுகுதா?" என்று கேட்டார். ஒழுகவில்லைதான். அந்த தைரியத்தில் குழாயை மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தேன். பற்று பிய்த்துக்கொண்டு, அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அருணாச்சலத்தின் முகத்தில் எண்ணெய் அடித்தது. அண்டாவை யாரும் காலால் மிதிப்பதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எட்டாவது வரை படித்தவனுக்கு இவ்வளவுதான் எட்டும்.

அப்புறம் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு குழாய் வாங்கி வந்து மாட்டினேன். காற்றெடுக்க ஆள் இல்லை. பெடல்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் போய்ப் படுத்தேன். குழவி உருண்டு விழுந்தது. கட்டிலில் இருந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த உங்கம்மா, "கொஞ்சம் மஞ்சளும் வெச்சு அரைச்சுடுய்யா" என்றாள். இடுப்பு முறிந்த பிறகு அன்றுதான் அவள் சத்தமாகச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அந்தக் குழாயும் முனையில் ஒழுகுகிறது. என்ன முறுக்கியும் நிற்கவில்லை.

அவள் பேத்திக்கென்று பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறாள். எட்டு மாதக் குழந்தைக்கு எட்டு வயதுப் பெண்ணுக்கான துணி. தன் சேலையையும் மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டாள். காலையில் கண் விழித்ததும், "வண்டி ரெடியா?" என்பதுதான் முதல் பேச்சு. ஆகிக்கொண்டிருக்கிறது என்கிறேன். ஆகவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

நீ கேட்ட விஷயம். அதைப் பற்றி எழுத உட்கார்ந்து இரண்டு முறை மை காய்ந்துவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன். எங்கும் போவதாக இல்லை.

நைனா

---

கும்மிடிப்பூண்டி,
12-11-76

அன்புள்ள நைனாவுக்கு,

கடைசி இரண்டு வரியை அவரிடம் படித்துக் காட்டினேன். "இது கூப்புடறதா?" என்றார். எங்க நைனா பாஷையில் இதுதான் கூப்பிடுவது என்றேன். "எனக்கு அந்த பாஷை தெரியாதே செங்கா. சரி, வண்டிக்காகப் போறேன். அத்தை பாவம்" என்றார்.

ஞாயிறு காலை முதல் வண்டியில் வருகிறார். அவரை மட்டும் அனுப்புகிறேன். நானும் ரோசியும் வரவில்லை. கோபத்தில் இல்லை. வண்டியைச் சரிசெய்ய ஒரு ஆள் போதும். வீட்டுக்குள் வருவதற்குத்தான் நாங்கள் மூன்று பேர். அவர் வந்த பிறகு உங்களுக்கு மனசு வந்தால் அவரிடமே சொல்லியனுப்புங்கள். மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

புதன்கிழமை பெஜவாடா பாசஞ்சரில், இங்கேயே ஏறுகிறோம். அங்கே போய் வண்டி மாறவேண்டும். திரும்ப எப்போது லீவு கிடைக்குமோ, அவருக்கே தெரியாது.

செங்கா

---

கடம்பத்தூர்,
22-11-76

பிலாயில் இருக்கும் செல்ல மகள் செங்கம்மாளுக்கு நைனா எழுதுவது.

நல்லபடி போய்ச் சேர்ந்தீர்களா? அங்கே குளிர் அதிகமாமே. குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு.

வண்டி சரியாகிவிட்டதே, எப்படியும் வருவோமென்று செவ்வாய்க்கிழமை நாள் முழுக்க எதிர்பார்த்திருப்பாய். விடியும்போதே கிளம்பிவிட்டோம். மழை பிடித்துக்கொண்டது. பெரியபாளையம் கிட்டே வளைவில் திரும்பினால் ரோட்டையே காணோம். தரைப்பாலத்தின் மேல் ஆரணியாறு போய்க்கொண்டிருக்கிறது. மிதித்தேன். முன் சக்கரம் நனையாமல், இந்தப் பக்கத்திலேயே கட்டிப்போட்டது போல வண்டி நின்றது. பழைய பிரேக்காக இருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இல்லை.

தண்ணீர் வடியட்டும் என்று மத்தியானம் வரை நின்றோம். ஏறிக்கொண்டேதான் போயிற்று. பட்டணத்தைச் சுற்றிப் போகலாமா என்று கேட்டேன். படுதா ஒழுகி உங்கம்மா தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். "போதும், வண்டிய திருப்புய்யா" என்றாள். பாவாடைத் துணி மட்டும் நனையவில்லை, மடியில் வைத்துக் குனிந்திருந்தாள்.

திருவள்ளூர் தாண்டியாயிற்று. அப்புறம், "அந்த மெக்கானிக் நல்லாத்தான் பிரேக்கு போட்டுகீறாரு. பேத்திக்கும் அந்த மூக்குதானா?" என்றாள். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

மெக்கானிக் என்று அவள் சொன்னதற்குக் காரணம் நான். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை யேசுதாஸ் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவர் சுபாவம் அப்படித்தான் தெரிகிறது. நான் சொல்கிறேன்.

வெளியில் வேலியோரம் வண்டி நின்ற இடத்திலேயே பையை வைத்தார். வளைத்துக் கொண்டுவந்த புதுக் குழாயை மாட்டிவிட்டு, "மாமா, மேல ஏறிக் குந்துங்க. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க" என்றார். ஏறி உட்கார்ந்தேன். "மிதிங்க... புடிச்சுக்கோங்க... இப்ப உடுங்க." பிறந்ததிலிருந்து நான் ஒருத்தர் பேச்சை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. மிதித்தேன், பிடித்தேன், விட்டேன். கால் அடியில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகிக்கொண்டே வந்தது.

அப்போது உள்ளேயிருந்து உங்கம்மா, "யாருய்யா வந்துகீறது?" என்று கேட்டாள்.

"மெக்கானிக்" என்றேன்.

நான் காலை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவரே அடியிலிருந்து குரல் கொடுத்தார்: "ஆமாம்மா, மெக்கானிக்குதான். பிரேக்கு பாக்க வந்தேன். இப்ப உடுங்க மாமா."

அவள் இட்லி கொடுத்தனுப்பச் சொன்னாள். நான்தான் தட்டில் எடுத்துவந்தேன். பம்பில் கை கழுவிவிட்டு, உங்கம்மாவின் ஜன்னலுக்கு நேராக ஜீப்பின் முன்பக்கம் சாய்ந்து நின்று சாப்பிட்டார். தட்டையும் கழுவிக் கொடுத்தார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலை ஒருமுறை பார்த்தார். நான் வாசற்படியில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவருக்கு அவசரமில்லை. ரயிலுக்கு நேரம் நிறையவே இருந்தது. உன்னிடம் சொல்லியனுப்ப நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாரென்பது எனக்குத் தெரியும். "மழை வரும் போலிருக்கு" என்றேன். "ஆமாம் மாமா" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அவர் வளைவு திரும்புகிற வரைக்கும் வாய் திறந்தபடிதான் நின்றேன். குரல்தான் வரவில்லை. வந்திருந்தால், "உள்ள வாங்க, மாப்ளே" என்றிருப்பேன்.