ஒரு சிட்டிகை மஞ்சள்

யூன் 14, சனி

பின்வளவுக் குளத்தை இறைத்துவிட்டேன். றொஷினி ஆசைப்பட்டு வெட்டுவித்த குளம். பெண்டாட்டியே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோ போய் ஐந்து மாதம், எனக்கு எதற்குக் குளம்? மூடிவிட்டுக் கத்தரி நடலாம். மண் கொட்டுகிற ஆள் செவ்வாய் வருகிறான்.

அடிச்சேற்றில் ஏதோ நெளிந்தது. தேத்தண்ணி வடியால் அள்ளிப் பார்த்தேன். விரல்நக நீளம், பல்லிக்குட்டி மாதிரி, கழுத்தின் இரண்டு பக்கமும் சடைசடையாகச் செவுள். பதினொன்று. மீன் கழுவும் பேசினில் விட்டேன். கொட்டியிருக்கலாம், மனம் வரவில்லை.

யூன் 15, ஞாயிறு

தனுஷா ரொறன்ரோவிலிருந்து ஞாயிறுகளில் போன் எடுப்பாள். வழமையாக மூன்று நிமிடம் — சாப்பிட்டியா, பள்ளிக்கூடம் எப்படி, சரி, பாய். இன்று போனைப் பேசினுக்கு நேரே பிடித்தேன்.

"அப்பா! அது பல்லி இல்லை, திரித்தோன்!"

இங்கே பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்த பெயர். ஆங்கிலத்தில் நியூட்டாம். நாற்பது நிமிடம் கதைத்தாள். குழாய்த் தண்ணீர் கூடாது, குளோரின். மழைத் தண்ணீர்தான் விட வேண்டும். தேங்கின தண்ணீரில் நெளிகிற நுளம்புப் புழு தின்னும். செவுள் உதிர்ந்ததும் செம்மஞ்சளாகிக் காட்டுக்குப் போய்விடும்.

"ஓகஸ்ட் வாறன். நான் வருமட்டும் விடக்கூடாது. ப்ராமிஸ்?"

ஓம் என்றேன். மண்காரனைப் பேந்து வரச் சொல்லிவிட்டேன்.

யூலை 2, புதன்

சட்டத்தரணி சொன்னது: செப்டெம்பரில் தனுஷாவுக்குப் பன்னிரண்டு. அதன்பிறகு யாரோடு இருப்பது என்று அவள் சொல்வதைத்தான் பெரும்பாலும் நீதிபதி கேட்பார். பிள்ளையை வற்புறுத்த வேண்டாமாம்.

நான் ஏன் வற்புறுத்தப்போகிறேன்? என்னிடம் பதினொரு குஞ்சு இருக்கிறது.

யூலை 9, புதன்

வேலையால் வந்ததும் வாளித் தண்ணீரில் நுளம்புப் புழு வடிக்கிறேன். பக்கத்து வீட்டு அருளம்பலம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஊரில நுளம்பைக் கலைச்சனாங்கள். நீர் இஞ்ச வந்து வளர்க்கிறீரோ?"

சிரித்தேன். கனநாளுக்குப் பிறகு.

யூலை 24, வியாழன்

இரண்டின் வாலில் பஞ்சு மாதிரி வெள்ளை. பூஞ்சணம். மீனுக்குப் போடுகிற கை, காயத்துக்குப் பூசுகிற கை — யோசிக்கவேயில்லை. ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுவிட்டேன்.

யூலை 25, வெள்ளி

எட்டுச் செத்துப்போச்சு.

மூண்டை அள்ளி மழைத்தண்ணிக்கு மாத்தினன். மற்றதெல்லாம் வயிறு மேல பாக்க மிதக்குது. நான்தான். வேற ஆர்? ஐயோ, நான் நல்லதுக்குத்தானே போட்டனான்!

யூலை 27, ஞாயிறு

"எல்லாம் சுகமா, அப்பா?"

"ஓம், பதினொண்டும் சுகம்."

காட்டச் சொன்னாள். கமரா பழுது என்றேன். சீ, நானும் ஒரு தகப்பன்.

றொஷினி வெளிக்கிட்ட அன்று வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வருகிறது. "நீங்கள் நல்லதுதான் செய்வீங்கள். ஆனா ஒருநாளும் கேட்டுச் செய்யிறேல்ல." அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை, கோபம்தான் வந்தது.

ஓகஸ்ட் 23, சனி

தனுஷா வந்தாள். என் தோள் உயரம் வந்துவிட்டாள். சப்பாத்துக்கூடக் கழற்றாமல் பேசினடிக்கு ஓடினாள். மூன்றும் செம்மஞ்சளாகிக் கல்லில் ஏறி இருந்தன. எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"மற்றது?"

மஞ்சளையும் சொன்னேன், பொய்யையும் சொன்னேன். கத்துவாள் என்று நின்றேன். கத்தவில்லை. காற்சட்டையை உயர்த்தி முழங்காலைக் காட்டினாள், சைக்கிளால் விழுந்த பழைய தழும்பு.

"எனக்கும் மஞ்சள்தானே பூசினீங்கள்."

பிறகு அழுதாள். நானும்தான்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

ரொக்ஸ்பரோ ஸ்டேஷனுக்கு அப்பால் ஈரக் காட்டில் விட்டோம். ஐஸ்கிறீம் டப்பாவில் பாசி போட்டுக் கொண்டுபோனோம். இரண்டு உடனே சருகுக்குள் போய்விட்டன. மூன்றாவது அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. தட்டிவிடு என்று சொல்ல வாய் வந்தது. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"மூண்டு நாலு வருசம் காட்டில திரியும். பேந்து தண்ணி தேடி வரும்."

அப்போது இவளுக்குப் பதினைந்தாகும் என்று மனதுக்குள் ஓடியது.

அது இறங்கிப் போனபிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா, நான் அம்மாவோட இருக்கப்போறன் எண்டு சொல்லப்போறன். கோவிக்காதேங்கோ."

"ஏனம்மா கோவிக்கிறன்" என்றேன்.

ரொறன்ரோ போகிற தெரிந்த குடும்பத்தோடு அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் ஒருவரும் இல்லை, பிறகேன் குழாயைத் திறந்தேன்?

செப்டெம்பர் 18, வியாழன்

பிள்ளைக்குப் பன்னிரண்டு.

செப்டெம்பர் 28, ஞாயிறு

சட்டத்தரணியின் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தனுஷா சொன்னபடியே, தாயோடுதான்.

மண்காரன் நாளைக்கு வரட்டா என்று கேட்கிறான். வா என்று சொல்ல இருந்தேன். அதற்குள் தனுஷா எடுத்தாள். வீட்டுக் காரியம் ஒன்றை அவளிடம் இன்றுதான் முதன்முதல் கேட்டேன்.

"பிள்ளை, குளத்தை மூடட்டோ, விடட்டோ?"

"விடுங்கோ அப்பா. ஆனா குழாய்த் தண்ணி மட்டும் விடாதேங்கோ."

ஹோஸைச் சுருட்டிக் கராஜில் வைத்துவிட்டேன். பின்னேரம் மழை பெய்தது. குளத்தடியில் நாலு விரல் தண்ணீர் நிற்கிறது.