மதினி வரைந்த முகங்கள்

மதினி,

இன்று பிரஸ்ஸில் யாரோ டர்பன்டைன் டின்னைத் திறந்தார்கள். காலண்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் படம் வரைந்த நம் வீட்டுப் பின்னறையின் வாசம் அது. உங்கள் சேலையிலும் தலைமுடியிலும் எப்போதும் இருந்த வாசம்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு சிவகாசிக்கு வந்த புதிதில் நீங்கள் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தீர்கள். மத்தாப்பு பிடித்த குழந்தை, கிளி, ரோஜா. சிவப்பு போதாது என்று கம்பெனியில் திருப்பி அனுப்புவார்கள். சிரித்துக்கொண்டே இன்னொரு பூச்சு பூசுவீர்கள்.

பிறகு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அண்ணனும் நானும் வேலை பார்த்த பட்டாசு ஆலை வெடித்தது. அண்ணன் மருந்து கலக்கும் அறையில் இருந்தார். தள்ளி இன்னொரு அறையில் இருந்த நான் முகமும் கழுத்தும் கையும் வெந்து பிழைத்தேன். அண்ணனைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்களாம். பிரிக்க வேண்டாம் என்றார்களாம். வேன் வீடு வந்து சேரும்வரை அந்த முடிச்சின்மேல் வைத்த கையை நீங்கள் எடுக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்கள்.

அதன்பின் நீங்கள் லேபிள் வரையவில்லை. பெரிய பெரிய துணிகளில் சாம்பல் நிறம் மட்டும்: பெயர்ந்த கூரை, ஒற்றைச் செருப்பு, கருகிப்போன வேலிக்கருவேலம். மதுரையிலும் சென்னையிலும் கண்காட்சி வைத்தார்கள். பேப்பரில் பாராட்டி எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு, ஒரு படத்தில்கூட ஆளே இல்லையே என்று வருத்தப்பட்டீர்கள்.

அப்புறம்தான் படம் வரைய என்னை உட்காரச் சொன்னீர்கள். வீட்டுக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தவள் நான். மாதக்கணக்கில் மறுத்தேன். ஒருநாள் நானாகவே வந்து உட்கார்ந்தேன்.

"அழகா மட்டும் வரைஞ்சிராதீக மதினி."

"இருக்குறதத்தான் வரைவேன். பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா கிழிச்சிருவோம்."

கிழிக்கச் சொல்லவில்லை. என் கழுத்துத் தழும்பில் அந்தப் பழைய லேபிள் சிவப்பு இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் அது என்று ஒப்புக்கொள்ள முடிந்தது.

அடுத்து, சுற்று ஊர்களில் வெந்து பிழைத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் அப்பா, மகளுக்கு வரன் பார்க்கிறோம், படத்தை எடுத்துவிடுங்கள் என்று கண்காட்சிக்கே வந்து கும்பிட்டார். அப்போதே சுவரிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தீர்கள்.

உங்களுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்த பிறகுதான் அண்ணனை வரையத் தொடங்கினீர்கள். சட்டை, தோள், மருந்துக் கறை படிந்த விரல்கள் எல்லாம் வந்துவிட்டன. முகம் வரவில்லை. கல்யாண போட்டோவில் அண்ணன் விறைத்து நிற்பார். அது அவர் முகமே இல்லை என்பீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கேட்டீர்கள்:

"உங்கண்ணன் சிரிச்சா எந்தப் பக்கம் உதடு ஏறும்?"

எனக்கும் ஞாபகமில்லை மதினி. கூடப் பிறந்தவள், எனக்கே தெரியவில்லை. நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அதன்பின் நீங்கள் தூரிகை கேட்கவேயில்லை.

நீங்கள் போன பிறகு, படத்தை வேறு ஓவியரிடம் கொடுத்து முடித்துத் தருவதாகக் கண்காட்சி வைத்தவர்கள் சென்னையிலிருந்து வந்து கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். அது பின்னறையில் அப்படியே நிற்கிறது.

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே வாய் என்று அம்மா சொல்வாள். நேற்று கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தேன். தழும்பு இழுத்துப் பிடித்த வலப்பக்கம் அசையவே இல்லை. இடப்பக்கம் மட்டும் லேசாக ஏறியது.

இடப்பக்கம் என்றே வைத்துக்கொண்டேன்.