கை விலங்கோடு ஒரு மணி நேரம்

என் ஜெனரேட்டர்காரருக்கு,

நானும் நம் வாலும், அதுதான் உங்கள் அருமைப் பெண்ணும், சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை அறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இந்தத் தடவை எனக்கு வேறொன்றை அறிய ஆவல். கேட்காவிட்டால் தலையே வெடித்துவிடும். போனில் கேட்டால் "ம்" என்பீர்கள், அப்புறம் லைன் சரியில்லை என்பீர்கள். அதனால் எங்கள் பல் டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் கிளினிக்கில் என் வேலை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே ஒருத்தர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். டாக்டர் வந்தால்தானே நான் உள்ளே அனுப்ப முடியும்?

உங்கள் கப்பலில் புதிதாக ஏறிய சமையல்காரரிடம் நான் பென் டிரைவில் கொடுத்தனுப்பிய போலீஸ் தொடரைப் பற்றி நீங்கள் எழுதிய மெயில் வந்தது. கல்யாணமானதிலிருந்து நீங்கள் எனக்கு எழுதியதிலேயே அதுதான் நீளம். "நலம். வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்" என்று முடிக்கிற மனிதர், ஒரே ஒரு எபிசோடைத் திட்டி முழுசாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷப்படுவதா, அந்தக் கதாசிரியர் மேல் பொறாமைப்படுவதா என்று புரியவில்லை.

இங்கேயும் அந்த எபிசோடால் ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது. இத்தனை வாரமாகத் துரத்திய கொலைகாரத் தையல்காரரை அவருடைய அடுப்படியிலேயே இன்ஸ்பெக்டர் பிடித்துவிட்டார். தன் இடது கையையும் அவருடைய வலது கையையும் சேர்த்து விலங்கு போட்டுவிட்டார். இனிமேல்தான் விறுவிறுப்பு என்று வாலை அதட்டித் தூங்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், விலங்கின் சாவி ஸ்டேஷனில் இருக்கிறதாம். ஜீப்பும் படுத்துவிட்டதாம். கான்ஸ்டபிள் நடந்தே போய் எடுத்து வருகிற வரைக்கும் கதை அந்த அடுப்படியை விட்டு நகரவே இல்லை. தையல்காரர் முட்டை பொரித்தார். அவர் ஒவ்வொரு வாய் எடுத்து வைக்கும்போதும் இன்ஸ்பெக்டரின் கையும் கூடவே மேலே போய்க் கீழே வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தட்டுக் கழுவினார்கள். நடுவில் இன்ஸ்பெக்டருக்கு மனைவியிடமிருந்து போன். "இன்னும் வேலை முடியலை" என்றார். கடைசியில் முகம் துடைக்கக் கைக்குட்டையை உருவினார், அதிலிருந்து சாவி தொட்டியில் விழுந்தது. தையல்காரர் பார்த்தார், அவரும் பார்த்தார். இன்ஸ்பெக்டர் குழாயைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது.

சாவி தன்னிடம் இருந்தது அவருக்கு முன்னாலேயே தெரியுமா, தெரியாதா? இதுதான் சண்டை. எங்கள் டாக்டர், அவன் மறந்துவிட்டான், எழுதினவனும் மறந்துவிட்டான், ஒரு மணி நேரம் தண்டம் என்கிறார். அதையும் யாரிடம் சொல்கிறார் என்றால், வாயைப் பிளந்து படுத்திருக்கிறவர்களிடம். அவர்கள் எப்படி மறுத்துப் பேசுவார்கள்? உங்கள் அக்காவோ, தையல்காரர் வாயைக் கிளற இன்ஸ்பெக்டர் போட்ட நாடகம் அது என்று அடித்துச் சொல்கிறார். நான் இல்லை என்றேன். ஒரு வாரம் எனக்குப் போனே பண்ணவில்லை.

எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லவா? அவருக்குச் சாவி இருப்பது தெரியும். நாடகமும் இல்லை, ஒன்றும் இல்லை. கேஸ் முடிந்துவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்கு அதுதான் பயம். அந்த போன் வந்ததும் அவர் முகம் போன போக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வேலை முடியலை என்று சொல்கிறபோது அவர் பார்த்தது தையல்காரரை இல்லை, வாசல் கதவை.

இப்போது உங்கள் மெயிலுக்கு வருகிறேன். "அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருப்பான். எந்த மனுஷன் வீட்டுக்குப் போகாமல் அடுத்தவன் அடுப்படியில் உட்கார்ந்திருப்பான்?" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு வெகு நேரம் யோசித்தேன். வீட்டைப் பற்றி இங்கே யாருமே பேசவில்லையே. டாக்டர் பேசவில்லை, உங்கள் அக்கா பேசவில்லை. எல்லோரும் சாவியைப் பற்றித்தான் அடித்துக்கொண்டார்கள். உங்களுக்கு மட்டும் ஏன் வீடு ஞாபகம் வந்தது?

இந்தக் கேள்வியோடு சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த பென் டிரைவை யாரிடம் கொடுத்தனுப்பலாம் என்று கேட்க, உங்களை இறக்கிவிட்டு ஏற வேண்டிய மாற்று ஆளைக் கூப்பிட்டேன். எப்போது ஏறுகிறீர்கள் என்று கேட்டால் மென்று விழுங்குகிறார். நான் விடுவேனா? "அண்ணன் சொல்லலையா அண்ணி? என் முறையையும் சேத்து அவரே பாத்துக்கறேன்னு ஆபீஸுக்கு எழுதிக் குடுத்துட்டாரு. நான் வீட்டுலதான் இருக்கேன்" என்றார். கம்பெனியில் ஆள் இல்லை, விடமாட்டேன் என்கிறார்கள் என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். அந்த ஆள் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து வீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறார்.

கோபம் வந்தது. மறைக்க மாட்டேன், அன்றைக்குக் கையில் இருந்த கரண்டிக்கு நல்ல நேரம் இல்லை. வேறு மாதிரிச் சந்தேகம் எல்லாம் எனக்கு வரவில்லை, பயப்படாதீர்கள். அந்த ஜெனரேட்டரைத் தவிர உங்களை யாரும் சகித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஏன் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

போன லீவை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நீங்கள் டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்டது. உங்கள் துண்டு மாட்டுகிற ஆணியில் வாலின் ஸ்கூல் பை தொங்கியது. கட்டிலில் உங்கள் பக்கம் அவள் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. பாதியில் கம்பெனி கூப்பிட்டது என்று நீங்கள் கிளம்பியது. அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது? சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வால் என்னிடம், "அம்மா, அப்பா எப்ப போவாரு?" என்று கேட்டாள். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். தட்டில் பாதியை வைத்துவிட்டு நீங்கள் கை கழுவப் போனீர்கள், பசி இல்லை என்றீர்கள். நான் அதை நம்பிவிட்டேன். இப்போது நம்பவில்லை. அந்த ஒரு கேள்விதான் உங்களைக் கப்பலிலேயே உட்கார வைத்திருக்கிறது. இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், ஆனால் உங்களால் எழுத முடியாது.

 நேற்றுத் தலை வாரிவிடும்போது அவளிடமே கேட்டேன். ஏண்டி, அன்றைக்கு அப்பாவை எப்போது போவார் என்று கேட்டாயே, எதற்கு என்று. மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. சீப்பைத் தட்டிவிட்டுத் திரும்பி, என்ன இது கூடத் தெரியவில்லையா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "எப்ப போவாருன்னு தெரிஞ்சாத்தானே அதுக்குள்ள எல்லாத்தையும் காட்ட முடியும்? நீ சொல்லவேயில்ல. நான் சைக்கிள் ஓட்டறதைக் கடைசி நாள் காட்டலாம்னு வெச்சிருந்தேன். அவரு போயிட்டாரு" என்றாள்.

கடைசிக்கு என்று அவள் எடுத்து வைத்தது அதுதானாம். ரகசியமாக மாடிவீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டாளாம். எனக்குக்கூடச் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு அவள் ஏன் சைக்கிளைத் தொடவே இல்லை என்று எனக்கு நேற்றுத்தான் புரிந்தது. பாதிப் பின்னலோடு ஓடிவிட்டாள். நான் சீப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

உங்கள் கப்பல் அடுத்த மாதம் துறைமுகத்துக்கு வருகிறது. அதை விட்டால் மறுபடி இந்தப் பக்கம் வர அரை வருஷம் ஆகுமாம், மாற்று ஆள் சொன்னார். நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பெட்டியோடு வந்து நிற்கிறேன் என்கிறார். வெள்ளை அடித்து அவருக்கும் அலுத்துவிட்டது போலிருக்கிறது.

உங்களை நான் திட்டப் போவதில்லை. வந்ததும் கொஞ்சம் திட்டுவேன், அது வேறு. வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் பழையபடி இருக்கும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். கட்டிலில் அவள் இடம் விடமாட்டாள். ஸ்கூல் பையை எங்கே மாட்டுவது என்று நமக்குள் ஒரு சண்டை வரும். முதல் வாரம் நீங்கள் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவீர்கள், எனக்கு எரிச்சல் வரும். அதெல்லாம் ஆகட்டும். வந்தால்தானே அதெல்லாம் நடக்கும்?

கன்னத்தைப் பிடித்திருந்தவர் எழுந்து வந்து மேஜையைத் தட்டுகிறார். டாக்டரின் வண்டிச் சத்தமும் கேட்கிறது. உங்களிடம் நான் வேறு எதையும் கேட்கவில்லை. இந்த முறை வந்ததும் வராததுமாக, எப்போது போவீர்கள் என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். நாள் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அவளுக்குக் காட்ட வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது.

உடம்பும் மனசும் பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள்
வீட்டுக்காரி