மொத்த ஷிப்டும் சேர்ந்து சொன்ன வார்த்தை

அன்புள்ள திலகா கண்ணுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் சளி கிளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து முடிவைச் சொல்லிவிடுவாள், அதனால்தான் கடிதம்.

பாதுகாப்பு வார உறுதிமொழிக்கு எங்கள் இன்ஜினியர் அஸ்வின் என் பேரைக் கொடுத்துவிட்டார் என்றேன் இல்லையா. வடக்கத்தி அதிகாரிகள் வருவதால் இங்கிலீஷில். நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல, மொத்த ஷிப்டும் கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொல்லும். அதில் இர்ரெஸ்பான்சிபிலிட்டி என்று ஒரு வார்த்தை, கன்வேயர் பெல்ட் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். போன வருஷம் சிவக்குமார் அதில் பாதியில் நின்றான், அன்றைக்கு ஒட்டிய பேர் இன்னும் கழலவில்லை, பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட ரெஸ்பா வீடு எதுங்க என்றுதான் கேட்கிறார்கள். ரிட்டையராகும்வரை எனக்கும் அப்படி ஒரு பேரா என்று சோறு இறங்கவில்லை. பல்வலி என்று லீவு போடப் பார்த்தேன், பல்லைப் புடுங்கிட்டு வந்து காட்டுங்க, நம்பறேன் என்றாள் உன் அம்மா.

அப்புறம்தான் நீ போனில் சொல்லிக்கொடுத்தபடி வார்த்தையைப் பிரித்தேன். முன்னால் இர் வந்தால் இல்லை, வாலில் இட்டி வந்தால் தன்மை, நடுவில் நிற்பது பொறுப்பு. நம் பொறுப்பின்மையில் வாலில் இருக்கிற இல்லையை அவர்கள் தலையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே என்று தைரியம் வந்தது. இர், ரெஸ், பான், சி, பி, லி, ட்டி என்று குளிக்கும்போதும் சொன்னதில், எனக்கு மந்திர உபதேசம் ஆகிவிட்டதாகப் பக்கத்து வீட்டுத் தமயந்தி பிளாக் முழுக்கப் பரப்பிவிட்டது.

நேற்று மைக் முன்னால் அந்த வார்த்தை வந்ததும், பழகின பழக்கத்தில் இர் என்று நிறுத்திவிட்டேன். மொத்த ஷிப்டும் இர் என்றது. ரெஸ் என்றேன், ரெஸ் என்றார்கள். இனித் திரும்ப வழி இல்லை. ட்டி வரைக்கும் அதிகாரிகளும் கை நீட்டியபடி கூடவே வந்தார்கள், அஸ்வின் மட்டும் ஹெல்மெட்டை இறக்கிவிட்டுக்கொண்டு குலுங்கினார்.

கேன்டீனுக்குப் பயந்துகொண்டேதான் போனேன். சின்னதுரை, உனக்கு இன்னா பேருண்ணே வைக்கிறது, அல்லாரும்தான் கூடவே சொல்லிக்கினு இருந்தமே என்றான். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. சிவக்குமார் தன் வடையை என் தட்டில் வைத்துவிட்டு, இந்தத் தபா நானும் ட்டி வரைக்கும் போய்ட்டேண்ணே என்றான்.

பண்ருட்டி முந்திரி அனுப்பியிருக்கிறேன், கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. மருதமலை முருகன் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
மருதாசலம்
நெய்வேலி